நீலக் கதவு நிறுத்தம்

மெஸிட்லி, மெர்சின்
12 மார்ச் 1987

கண்ணே நுர்தென்,

நான் அன்றைக்கே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீ ஜெர்மனிக்கு ரயில் ஏறப் போன அன்று, உன் அப்பா எலுமிச்சைக்குத் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். "அத்தான், இந்தத் தோப்பு பூரா ஒருநாள் ஆறு மாடியா நிமிர்ந்து நிக்கும். நண்டு ஓடுற இடத்துல பஸ் ஓடும், பாருங்க" என்றேன். சிரித்தார். இன்றைக்கு இருந்திருந்தால் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆண்டவன் அவரை நல்ல இடத்தில் வைக்கட்டும்.

நம் வீட்டுக்கு மேற்கே இப்போது ஒன்பது கட்டடம் என்கிறார்கள். நான் எண்ணினால் பதினான்கு வருகிறது. அதனா நகரத்திலிருந்து வசதிக்காரர்கள் கோடைக்கு வந்து தங்க வாங்கிப் போடுகிறார்கள். ஜூன் பிறந்தால் பால்கனிக்குப் பால்கனி தர்பூசணி வெட்டுகிற சத்தம். செப்டம்பரில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நகராட்சி இன்ஜினியர் என்னிடம்தான் வந்து வழி கேட்டான். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் நேராக்கிக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்க்காமல் போயிருந்தால் கடற்கரை ரோடு இன்றைக்கு மலைமேல் போய்க்கொண்டிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். காண்ட்ராக்டர் ஸாபித் நம் வீட்டையும் பதினோரு எலுமிச்சையையும் கேட்கிறார். இங்கே இப்போது எல்லோரும் செய்வதுதான்: மண் நம்முடையது, கட்டடம் அவருடையது, மாடிகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வது. ஆறு மாடியில் நமக்கு இரண்டு வீடு. ஒன்று உன் அம்மாவுக்கு, ஒன்று உனக்கு. நீ வரும்வரை உன் வீட்டில் நானும் உன் அத்தை பெரிஹாவும் இருந்து என் அக்காவைப் பார்த்துக்கொள்வோம். வாடகை வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் உன் வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருப்பேன்.

பாதி மண் உன் பேரில் இருக்கிறது. அதற்கு எனக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி, தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு.

உன் அம்மா கொஞ்சம் முரண்டு பிடிக்கிறாள். கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் இந்தக் கதவ விட்டு வரமாட்டேன்டா பஹாத்தின். வேணும்னா என்னையும் சேத்து இடிச்சுக்கோ" என்கிறாள். சும்மா பேச்சுக்குத்தான்.

பெரிஹா பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறாள். "நீ எழுதுறதுல பாதியக் கழிச்சுட்டுத்தான் அந்தப் பொண்ணு படிக்கும்" என்கிறாள். அதனால்தான் இரண்டு மடங்காக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கண்களில் முத்தமிடும்,
பஹாத்தின் மாமா

*

பீலஃபெல்ட், ஜெர்மனி
5 ஏப்ரல் 1987

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். உங்கள் மருமகன் யில்மாஸுக்கு ஆலையில் முதுகில் அடிபட்டு ஏழு வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். நான் ஒருத்திதான் வேலைக்குப் போகிறேன். கோட்டுக்கு லேபிள் தைக்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். லீவு கேட்டால் வேலை போகும். இல்லையென்றால் இதைப் பேச நானே வந்திருப்பேன்.

மாமா, அம்மாவுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை போனில் பேசும்போது, அப்பா சாப்பிட்டாரா என்று என்னிடம் கேட்டாள். அப்பா போய் நான்கு வருஷம். "சரி, வந்துடுவாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மளிகைக்கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். சந்தையிலிருந்து திரும்பும்போது அவள் பாதையைப் பார்ப்பதில்லையாம். சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே வருகிறாளாம். அப்பா செய்த கதவு வந்ததும் அதில் பதித்த இரண்டு இரும்பு மீனையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாளாம். கப்பல் தகட்டை வெட்டி, படகுக்கு அடித்து மிச்சமான நீலச் சாயத்தைப் பூசி அப்பா செய்த கதவு. ஒரு மீனுக்குக் கண் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. கண் வைக்கிற நேரத்தில் நான் பிறந்துவிட்டேன் என்று அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாராம். அம்மாவுக்கு இப்போது வீடு என்றால் அந்தக் கண்ணில்லாத மீன்தான்.

அதனால் ஒரே ஒரு நிபந்தனை. புதுக் கட்டடத்தின் வாசலில் அந்தக் கதவைத்தான் மாட்ட வேண்டும். காண்ட்ராக்டர் சம்மதித்தால் பவர் அனுப்புகிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கைகளை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,
நுர்தென்

*

மெஸிட்லி
19 ஏப்ரல் 1987

கண்ணே,

முடிந்தது! நீ கேட்டு நான் முடிக்காதது உண்டா?

ஸாபித்தைக் கூட்டிவந்து கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். "யோவ், இது வெறும் இரும்பு இல்ல. என் அத்தான் ஹைதர் பண்ணினது" என்றேன். மனுஷன் தொப்பியைக் கழற்றிவிட்டார். மீனைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பஹாத்தின் அண்ணே, இத வெளியிலிருந்து பாக்குறவங்களுக்காகவே கட்டடத்த ரெண்டடி பின்னால தள்ளிக் கட்டுறேன்" என்றார். ஒப்பந்தத்தில் சிவப்பு மையில் தனியாக எழுதிவிட்டோம்.

அக்காவிடம் சொன்னேன், கதவு எங்கேயும் போகாது என்று. ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பவரைச் சீக்கிரம் அனுப்பு. ஸாபித் அவசரப்படுகிறார்.

உன் கண்களில் முத்தம்.
பஹாத்தின் மாமா

*

மெஸிட்லி
2 அக்டோபர் 1987

கண்ணே நுர்தென்,

பவர் வந்தது, வீடு போனது. அழாதே. நன்றாகத்தான் போனது. கல்யாண வீடு மாதிரி ஊரே கூடிவிட்டது. புல்டோசர்காரன் என்னைப் பார்த்து, "மாமா, எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றான். சமையலறைப் பக்கத்திலிருந்து என்றேன். சரியான யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கதவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய், தெரியும். அதை முதல் நாளே கழற்றி, கம்பளியில் மணப்பெண் மாதிரி சுற்றி, நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டோம். எங்கே என்று மட்டும் எழுதமாட்டேன், கடிதம் யார் கையிலாவது சிக்கினால் என்ன செய்வது? இரும்புக்கு இப்போது அவ்வளவு கிராக்கி.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள். மத்தியானத்தில் துணி மூட்டை கட்டுகிறாள், பெரிஹா அவிழ்க்கிறாள். மறுபடி கட்டுகிறாள். இரண்டு பேருக்கும் பொழுது போகிறது.

இங்கே வளர்ச்சியைச் சொல்லி மாளாது. காலையில் டீ குடிக்க ஒரு வழியில் போனால் திரும்பி வரும்போது அந்த வழியில் சுவர் நிற்கிறது. எங்கள் தெருவுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை நம்பர் மாற்றிவிட்டார்கள். தபால்காரன் என்னைக் கேட்டுத்தான் கடிதம் கொடுக்கிறான்.

கண்களில் முத்தம்.
பஹாத்தின் மாமா

*

பீலஃபெல்ட்
10 ஜனவரி 1988

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினேன். "கதவ எடுத்துட்டுப் போயிட்டாங்க நுர்தென். அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். போனில் காசு தீரும்வரை.

பத்திரமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களை நம்புகிறேன். ஆனால் அவளை அழைத்துக்கொண்டு போய் ஒரு தடவை காட்டக் கூடாதா? கையை வைத்துப் பார்த்தால் சமாதானமாகிவிடுவாள். எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன்.

எனக்கு ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். இந்தக் கோடைக்கும் வர முடியாது. யில்மாஸ் ஊன்றுகோலோடு சமையலறைவரை நடக்கிறார்.

கைகளை முத்தமிடும்,
நுர்தென்

*

மெஸிட்லி
25 செப்டம்பர் 1988

என் கண்ணே, பையனைப் பெற்றவளே,

முதலில் குழந்தைக்கு என் ஆசீர்வாதம். பையன்தான் என்று நான் மார்ச்சிலேயே பெரிஹாவிடம் சொன்னேன், கேட்டுப் பார்.

போட்டோ கேட்டிருந்தாய். எடுத்தோம். போட்டோக்காரன் கடையில் பிலிமை வெயிலில் காட்டி எரித்துவிட்டான். இரண்டாவது தடவை எடுத்ததில் என் தலை மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அதை விடு. நாங்கள் குடி வந்துவிட்டோம்! மூன்றாம் மாடி. அக்காவுக்கு இடது கை வீடு, நாங்கள் வலது கை. பால்கனியில் நின்றால், முன்னால் இருக்கிற இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கடல் ஒரு கை அகலத்துக்குத் தெரிகிறது. அந்த ஒரு கை கடல் இந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது.

கதவு! நுர்தென், நீ பார்க்க வேண்டும். வாசலில் அது நிற்கிற கம்பீரம். புதுச் சாயம் பூசி, மீனுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். அதனாக்காரர்கள் கல்யாணப் போட்டோ எடுக்க வருகிறார்கள். கட்டடத்துக்கு ஸாபித் முதலில் மூத்த மகள் பேரை வைத்தார், சின்ன மகள் அழுதாள் என்று மாற்றினார், இப்போது மனைவி பேர். அந்தப் பேரெல்லாம் எவனுக்கும் தெரியாது. மினிபஸ்காரர்கள் எங்கள் நிறுத்தத்துக்கே 'நீலக் கதவு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "நீலக் கதவு இறங்குறவங்க இருக்கீங்களா?" என்று கூவும்போது எனக்கு நெஞ்சு விம்முகிறது. உன் அப்பா பேர் இந்த மாவட்டத்தின் வாயில் இருக்கிறது, மகளே.

அக்கா தினமும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறாள். நீ நிம்மதியாகத் தூங்கு.

கண்களில் முத்தம், உனக்கு இரண்டு, பையனுக்கு இரண்டு.
பஹாத்தின் மாமா

*

பீலஃபெல்ட்
13 நவம்பர் 1988

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தை யில்மாஸுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நீலக் கதவு இறங்குறவங்க இருக்கீங்களா என்று அவர் கட்டிலில் இருந்தபடி கூவுகிறார். குழந்தை சிரிக்கிறான். இரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது இப்போதுதான். உங்களுக்கு நான் பட்ட கடன் தீராது.

இதோடு அம்மாவுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கம்பெனித் தயாரிப்பு, பழுப்பு நிறம், உள்ளே கம்பளி. கழுத்துக்குக் கீழே உள்துணியில் நானே ஒரு லேபிள் தைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லாதீர்கள், கூச்சப்படுவாள். போன மாதம் ஒரு தடவை வழி தெரியாமல் கடற்கரையில் நின்றாள் என்று அத்தை போனில் சொல்லிவிட்டாள். மறைத்ததற்காக உங்கள்மேல் கோபமில்லை.

லேபிளில் நான்கு வரிக்குமேல் இடமில்லை. தெரு நம்பர் போட்டால் மாறிவிடும். கட்டடத்தின் பேர் யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். உங்கள் பேரைப் போடலாமா, நிறுத்தத்தின் பேரைப் போடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் இப்படித் தைத்தேன்:

என் பேர் மக்புலே.
எனக்கு மறதி உண்டு.
மெஸிட்லி மினிபஸ்ஸில் ஏற்றி
நீலக் கதவில் இறக்கிவிடுங்கள்.

இனி அவள் எங்கே போனாலும் எனக்குப் பயமில்லை. எல்லா டிரைவருக்கும் தெரிந்த இடமாயிற்றே.

கைகளை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்,
உங்கள் நுர்தென்

*

மெஸிட்லி
4 டிசம்பர் 1988

நுர்தென்,

கோட் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. நல்ல கோட்.

லேபிளைப் பார்த்தேன். நன்றாகத் தைத்திருக்கிறாய்.

இங்கே மழை. சொல்ல வேறு விசேஷம் இல்லை.

பஹாத்தின் மாமா

*

மெர்சின், ஆஸ்பத்திரி வராந்தா
17 ஜனவரி 1989

கண்ணே நுர்தென்,

போனில் பெரிஹா உன்னைப் பயமுறுத்தியிருப்பாள். அவள் பேச்சில் பாதியைக் கழித்துவிடு. உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்த வயசுல இப்படி ஒரு நெஞ்ச நான் பாத்ததே இல்ல." ஒரு வாரத்தில் நடனம் ஆடுவாள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் பெரிஹா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன நேரத்தில் அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். நடந்து நடந்து மினிபஸ் போய்த் திரும்புகிற கடைசி இடத்துக்கே போயிருக்கிறாள். அங்கே துர்முஷ் என்று ஒரு டிரைவர். அவள் நடுங்குவதைப் பார்த்து, கோட்டின் பித்தானைப் போட்டுவிடப் போயிருக்கிறான். லேபிளைப் படித்திருக்கிறான். நல்ல மனசுதான், ஆனால் தார்ஸூஸ் பக்கத்து ஆள், வழித்தடத்துக்குப் புதுசு. நீலக் கதவு தெரியவில்லை. மற்றவர்களைக் கேட்டிருக்கிறான், அவர்களுக்கும் என்னவோ அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வரவில்லை. ஜனவரியில் இங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? வரிசையாக ஷட்டர்தான். அவளை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரை நெடுக மூன்று மணி நேரம் தேடியிருக்கிறான்.

சாயங்காலம் நம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு நீலக் கதவைப் பார்த்திருக்கிறான். புதுசாகக் கட்டுகிற இடத்தில் தகரத்தை அடைத்து, நீலச் சாயம் பூசிய கதவு. உள்ளே காவல்காரன் அறையில் விளக்கு எரிந்ததாம். "இதுவாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவள் இறங்கிப் போய் அதில் கையை வைத்திருக்கிறாள். "இதான், இதான்" என்றாளாம். அவன் நிம்மதியாகப் போய்விட்டான்.

விளக்குதான் எரிந்தது. காவல்காரன் ஊருக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது அவள் கதவின் உள்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்க மழை. சாயம் காயாத கதவு போலிருக்கிறது, உள்ளங்கை இரண்டும் நீலம். நர்ஸ் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

எல்லாம் அந்த டிரைவரின் கவனக்குறைவு. நான் விடமாட்டேன்.

நீ பயப்படாதே. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

கண்களில் முத்தம்.
பஹாத்தின் மாமா

*

பீலஃபெல்ட்
4 பிப்ரவரி 1989

மாமா,

அம்மா நடனம் ஆடுவாள் என்று நீங்கள் எழுதிய கடிதம், அவளை அடக்கம் செய்து நான்கு நாள் கழித்து வந்தது.

உயிர் போன அன்றைக்கே அடக்கம் என்று தெரியும். என்னால் வந்து சேர்ந்திருக்க முடியாது என்றும் தெரியும். குழந்தைக்கு பாஸ்போர்ட் இல்லை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டே லேபிள் தைக்கிறேன். நேற்று நூற்றிப் பதினாறு கோட்டில் தலைகீழாகத் தைத்துவிட்டேன் என்று மேற்பார்வைக்காரி திட்டினாள்.

அந்த டிரைவர் போன் செய்தான். மளிகைக்கடையில் நம்பர் வாங்கியிருக்கிறான். அழுதான். "அக்கா, ஆண்டவன் மேல ஆணையா நாப்பது வீட்டு மணி அடிச்சேன். என்மேல உள்ள பாத்தியதைய விட்டுக்கொடுத்துடுங்க, மன்னிச்சேன்னு சொல்லிடுங்க, இல்லேன்னா நான் எப்படி அந்த வண்டிய ஓட்டுவேன்?" என்றான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊருக்கே தெரிஞ்ச கதவு. கண்ணத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இந்த உலகத்துலயும் விடமாட்டேன், அந்த உலகத்துலயும் விடமாட்டேன்" என்றேன். போனை நானே வைத்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஓதுவதற்கு வருகிறேன். 27ஆம் தேதி அதனாவில் இறங்குவேன். அழைக்க வராதீர்கள். தனியாக வர விரும்புகிறேன். மினிபஸ்ஸில் ஏறி நீலக் கதவு என்று நானே சொல்லி, நானே இறங்கி, கண்ணில்லாத மீனின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அம்மா கடைசியாகத் தொட நினைத்தது அதைத்தான். அதற்குப் பிறகு மாடிக்கு வருகிறேன்.

நுர்தென்

*

மெஸிட்லி
13 பிப்ரவரி 1989

நுர்தென்,

இப்படி முடியும் என்று நான் அன்றைக்கே சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

உன் கடிதத்தில் கையை முத்தமிடுகிற வரி இல்லை. துக்கத்தில் மறந்திருப்பாய் என்று பெரிஹா சொல்கிறாள். மறந்ததாகவே இருக்கட்டும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அதை நீ எழுத வேண்டியதில்லை.

பெரிஹா எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "இந்த ஒரு தடவ, அவ கழிக்காம படிக்கிற மாதிரி எழுதுய்யா" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்தாள். இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் டிரைவரைப் பற்றி எழுதியிருந்தேன்.

துர்முஷ் அடக்கத்துக்கு வந்திருந்தான். மசூதி முற்றத்தில் கடைசி வரிசையில் நின்றான். இமாம் எங்களைப் பார்த்து மூன்று தடவை கேட்டார்: "இவர்மேல் உங்களுக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்தீர்களா?" எல்லோரும் விட்டுக்கொடுத்தோம் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. அவள்மேல் எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? என்மேல் அவளுக்கு இருந்ததை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வழக்கமும் இல்லை, பதில் சொல்லவேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள்.

மறுநாள் அவன் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றான். "மாமா, நான் எங்கம்மா மாதிரிதான் அவங்கள வச்சிருந்தேன். வழியில சிமித் ரொட்டி வாங்கிக் குடுத்தேன். எள்ள எல்லாம் மடியில உதுத்துக்கிட்டு வந்தாங்க. கதவத் தடவிப் பாத்துட்டு, 'மீனக் காணோமே'ன்னாங்க. அப்புறம் அவங்களே, 'உள்பக்கம் இருக்கும், ஹைதர் திருப்பி மாட்டியிருப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மாமா, அந்த நீலக் கதவு நிறுத்தம் எங்க இருக்குன்னு ஒரு தடவ காட்டுங்களேன். இனிமே தப்பு பண்ணக் கூடாதுல்ல" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் நுர்தென்கிட்ட பேசிக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பிறகுதான் உனக்குப் போன் செய்திருக்கிறான். இப்போது வண்டியை எடுப்பதில்லையாம். மினிபஸ் திரும்புகிற இடத்தில் மற்றவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்கிறார்கள். அவனை விட்டுவிடு, மகளே. போன் செய்து சொல்லு. இந்தக் கடிதத்தில் வேறு எதை நீ செய்யாவிட்டாலும் அதைச் செய். அவன் மட்டும்தான் தேடினான்.

டிசம்பரில் உன் கோட் வந்தபோது கத்தரிக்கோலை எடுத்து லேபிளுக்கு அடியில் நுழைத்தேன். இரண்டு தையல் வெட்டினேன். நீ கோடையில் வந்து பார்த்தால் என்ன சொல்வது என்று நினைத்து விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு வெல்டிங்காரனிடம் போய் மீன் வரைந்து காட்டினேன். புத்தாண்டு முடிந்து வா என்றான். ஒரு டப்பா நீலச் சாயம் வாங்கினேன். அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, மூடி திறக்காமல்.

27ஆம் தேதி மினிபஸ்ஸில் ஏறி நீலக் கதவு என்று சொல்லாதே. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அது எங்கக்கா இருக்கு?" என்பான். நீயும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தேடிக்கொண்டு வருவாய். உன் அம்மா தேடிய அதே பக்கத்தில். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

எங்கள் வாசலில் இருப்பது அலுமினியக் கதவு, கண்ணாடி போட்டது. எல்லாக் கட்டடத்திலும் இருப்பதுதான். அக்கா தினமும் அதற்கு முன்னால் நின்று என்னைப் பார்ப்பாள். எதையும் தடவவில்லை. நிறுத்தத்துக்குப் பேர் கிடையாது. "மருந்துக்கடை தாண்டி" என்பார்கள், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் சிவப்பு மை இல்லை, ஸாபித் தொப்பியைக் கழற்றவில்லை. கதவைப் பற்றி நான் அவரிடம் கேட்டேன், அது நிஜம். "பாத்துக்கலாம்" என்றார்.

கம்பளியில் யாரும் சுற்றவில்லை, நுர்தென். உன் அப்பாவின் கதவு இடிக்க ஆரம்பித்த அன்று காலையிலேயே புல்டோசருக்கு அடியில் போய்விட்டது. எட்டு மணிக்கு ஆரம்பிப்போம், அதற்கு முன்னால் வந்து கதவைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் வந்தபோது ஒன்பதரை. கண்ணில்லாத மீனின் வால் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

எட்டு மணிக்கு நான் டீக்கடையில் இருந்தேன். கதவை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஹாத்தின்